முள்ளை எண்ணிச் சுளையைச் சொல்லுதல்

1

ஏப்ரல், மே வந்துவிட்டால் பண்ருட்டி மண்டிகளில் பலாப்பழ லோடு ஏறுகிறதோ இல்லையோ, வாட்ஸப்பில் ஒரு வெண்பா ஏறிவிடும். கணக்கதிகாரத்தில் வரும் வெண்பா. பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளே எத்தனை சுளை இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி சொல்வது. காம்பைச் சுற்றியிருக்கும் சிறுமுட்களை எண்ணு, வந்ததை ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, அதுதான் சுளை. கீழே வழக்கமான வரி இருக்கும்: நம் முன்னோர் ஸ்கேன் இல்லாமலேயே பழத்துக்குள் பார்த்தார்கள், தமிழனாக இருந்தால் பகிரவும்.

கடலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். கணக்கதிகாரம் என்ற நூலை வாசிக்கத் தொடங்கிய வருஷம் பண்ருட்டி மண்டிப் பக்கம் போய்ச் சில பழங்களின் காம்படியில் முள்ளை எண்ணினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, முள்ள எண்ணி எவன் பழம் வாங்குறான்? தட்டிப் பாரு, சத்தமே சொல்லும்.” ஒரு பழத்தில் கணக்கு கிட்டத்தட்ட வந்தது. மற்றவற்றில் கிட்டேயே வரவில்லை.

வராததற்குக் காரணம் தாவரவியலிலேயே இருக்கிறது. பலாப்பழம் என்பது ஒரு பழமல்ல, பல நூறு பூக்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்த கூட்டுக்கனி. தோலில் தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது. சேராத பூ சுளைகளுக்கு நடுவே வரும் நார்ச் சக்கையாக நின்றுவிடுகிறது. எத்தனை பூவுக்கு மகரந்தம் கிடைத்தது என்று காம்படி முள்ளுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் வெண்பா பொய்யா? இந்தக் கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறது என்பதுதான் என் கட்சி. பெருமைப்படுபவர்களும் சரி, கேலி செய்பவர்களும் சரி, இந்த வெண்பாவை அறிவியல் அறிக்கையாக வாசிக்கிறார்கள். அது பயிற்சிக் கணக்கு. நம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், அதே நேரம் இன்னொரு குழாய் காலி செய்துகொண்டிருக்கும். ஐந்நூறு வருஷம் கழித்து ஒருவர் அதைப் படித்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழர்கள் தொட்டியை இப்படித்தான் நிரப்பினார்கள், என்ன அறிவு, அல்லது என்ன முட்டாள்தனம், என்று எழுதினால் எப்படி இருக்கும்?

ஆறால் பெருக்கி ஐந்தால் வகுப்பது என்றால் ஒன்றே ஐந்தில் ஒன்று. பழைய தமிழ்ப் பின்னத்தில் சொன்னால் ஒன்றே நாலுமா. எந்த எண்ணுக்கும் அதன் நாலுமாவைக் கண்டு அதோடு சேர்க்கத் தெரிய வேண்டும். அந்தத் திறமைக்கான பயிற்சிதான் வெண்பாவுக்குள் இருக்கிறது. பலாப்பழம் மேலே சுற்றிய தாள். தாளைப் பிரித்துப் பார்த்து ‘உள்ளே சுளை இல்லையே’ என்பது நூலின் குற்றமில்லை.

2

இதை நான் புத்தகத்தை வாசித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. கையால் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. இரண்டு வருஷமாகச் சோழியை வைத்துப் பழைய தமிழ்க் கணக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிதம்பரம் கீழ சன்னதியில் வாங்கிய சோழிகள். தரையில் சாக்பீஸ் கோடு. வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “ஜாதகமும் பாப்பீங்களா?” என்று கேட்பார்கள். சோழி என்றாலே பிரசன்னம் என்றாகிவிட்டது.

உலகம் முழுக்க இப்படிப் பழைய கணக்குக் கருவிகளைப் பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்லைடு ரூல் சேர்ப்பவர்கள், ஜப்பானிய சொரொபான் மணிச்சட்டம் பழகுபவர்கள், லீக்டென்ஸ்டைனில் செய்யப்பட்ட குர்ட்டா என்கிற கைக்கடக்கமான இயந்திரத்துக்கு அலைபவர்கள். குர்ட்டாவின் வடிவமைப்பை குர்ட் ஹெர்ட்ஸ்டார்க் என்பவர் புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமில் கைதியாக இருந்தபோது வரைந்து முடித்தார். அந்தக் கதைக்காகவே அது இன்று யானை விலை விற்கிறது. இவர்கள் எல்லோரிடமும் கையில் பிடிக்க ஒரு பொருள் இருக்கிறது. தமிழ்க் கணக்கில் அப்படி ஒன்று இல்லை. சோழிக்குப் பதில் புளியங்கொட்டை போதும். கூழாங்கல்லும் போதும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்தால் அது வெறும் சோழி. உண்மையான கருவி எண்சுவடி. அதுவும் ஏட்டில் இருக்கும் எண்சுவடியல்ல, மனப்பாடமாகி வாயில் இருக்கும் எண்சுவடி.

எப்படி என்று காட்டுகிறேன். தமிழ்ப் பின்னத்தின் அடிமட்ட அலகு முந்திரி, அதாவது 1/320. நான்கு முந்திரி ஒரு காணி (1/80). ஐந்து காணி ஒரு மாகாணி (1/16), வீசம் என்றும் சொல்வார்கள். நான்கு மாகாணி ஒரு கால். நான்கு கால் ஒன்று. இன்னொரு வழியிலும் ஏறலாம்: நான்கு காணி ஒரு மா (1/20), ஐந்து மா ஒரு கால். ஒரு வழி பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகிறது. இன்னொன்று இருபது கூறாக வெட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடம்தான் 320, ஏனென்றால் 16ஐ 20ஆல் பெருக்கினால் அது. ஏன் 320, ஏன் வசதியாக 100 இல்லை என்று கேட்கிறவர்களிடம், 100ஐ நான்கு தடவை பாதியாக்கிப் பாருங்கள் என்பேன்.

தரையில் நான்கு கட்டம் போதும்: கால், மாகாணி, காணி, முந்திரி. இப்போது அரையே மாகாணியோடு காலே மும்மாவைக் கூட்ட வேண்டும். (மும்மா என்றால் மூன்று மா, 3/20.) அரை என்பது கால் கட்டத்தில் இரண்டு சோழி, மாகாணிக் கட்டத்தில் ஒன்று. அடுத்த எண்ணுக்குக் கால் கட்டத்தில் ஒன்று; மும்மா என்பது 48 முந்திரி, ஆகவே மாகாணியில் இரண்டு, காணியில் இரண்டு. சேர்த்துப் பார்த்தால் தரையில் மூன்று கால், மூன்று மாகாணி, இரண்டு காணி. விடை இதுவல்ல. இதை வாயால் சொல்ல வேண்டும்: “முக்காலே நாலுமாவே காணி.” மூன்று மாகாணியும் இரண்டு காணியும் சேர்ந்தால் 68 முந்திரி, நாலுமா 64, மிச்சம் நான்கு ஒரு காணி. இந்தக் கடைசி மாற்றத்தைச் சோழி செய்யவில்லை. வாய்ப்பாடு செய்தது.

இன்னொன்று. மாவை மாவால் பெருக்கினால் என்ன? 1/400. முந்திரியை வைத்து இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இது முந்திரியைவிடச் சின்னது. அங்கேதான் ‘கீழ்’ என்ற சொல் வருகிறது. ஒரு முந்திரியை மறுபடி ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டு அதற்குள் அதே கால், அரை, மா எல்லாம் திரும்பத் தொடங்கும். 1/400 என்பது ஒரு முந்திரியில் ஐந்தில் நான்கு. ஆக, கீழ் முக்காலே மா. மாடிப்படியில் ஒரு தளம் இறங்கினால் மறுபடி அதே படிக்கட்டு. புதுசாக எதையும் கற்க வேண்டாம். இதை முதல் தடவை தரையில் செய்து பார்த்த ராத்திரி, ஒரு நல்ல கவிதையின் கட்டமைப்பு புரிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. மிகைப்படுத்தவில்லை.

3

இந்தக் ‘கீழ்’ கணக்கைத் தெரிந்துகொண்டு இன்னொரு பிரபலமான பெருமிதத்தைப் பார்க்கலாம். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளின் நிலக் கணக்கில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை வருகிறது என்பார்கள். சோழர்கள் நிலத்தை அவ்வளவு துல்லியமாக அளந்தார்கள் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஒரு வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். அதை அந்த எண்ணால் வகுத்தால் வருவது ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரக்கூட இடம் போதாது. எந்த அளவுகோலாலும், எந்த அரசனாலும் வயலில் இதை அளக்க முடியாது.

ஆனால் 320ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக அந்த எண் வரும். அதாவது இந்த எண் வயலில் பிறக்கவில்லை, ஓலையில் பிறந்தது. நிலத்தைப் பங்கு போட்டு, பங்கைப் பங்கு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ‘கீழ்’ என்று ஒரு தளம் இறங்கி, எங்கேயும் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் கணக்கெழுதினால் இங்கேதான் வந்து நிற்கும். இதிலிருந்து சோழர்களின் அளவுகோலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவர்களுடைய கணக்கரைப் பற்றி நிறையச் சொல்லலாம்: மிச்சத்தை விட மனசு வராத ஆள். இம்மியும் பிசகக் கூடாது என்று இன்றும் பேசுகிறோமே, அந்த இம்மியும் ஒரு பின்னத்தின் பெயர்தான்.

அதேபோல் கர்ணம் கண்டுபிடிக்கும் செய்யுள் ஒன்று போதையனார் பெயரில் சுற்றுகிறது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும். வர்க்கமூலமே வேண்டாம், பித்தாகரஸ் தோற்றார் என்று கூடவே ஒரு படம் வரும். போட்டுப் பாருங்கள். 4, 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, சரி. 12, 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, இதுவும் சரி. 15, 8 என்றால் 17க்குப் பதில் 17ம் அரைக்காலும் வருகிறது. 24, 7 என்றால் 25க்குப் பதில் இருபத்துநாலரை. இரண்டு பக்கமும் சமமென்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று குறைகிறது. நீண்டு மெலிந்த நிலமென்றால் எட்டில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம்.

ஆக இது தேற்றம் இல்லை. தேற்றம் என்று சொல்லி அதை நாமே சிறுமைப்படுத்துகிறோம். இது வேலைக்காரனின் சூத்திரம். எட்டில் ஒன்றைத் தள்ளுவதும் பாதியாக்குவதும் சோழிக்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும், வர்க்கமூலம் வராது. இன்றைக்கும் மின்னணுச் சுற்றுகளில் வர்க்கமூலம் எடுக்க நேரமாகும் என்று பெரிய எண்ணில் ஒரு பங்கு, சின்ன எண்ணில் ஒரு பங்கு என்று கூட்டிச் சமாளிக்கும் இதே வகைச் சூத்திரங்களைப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ‘பித்தாகரஸுக்கு முன்பே’ என்பதைவிட இந்த உறவு எனக்கு மரியாதையானதாகத் தெரிகிறது. கையில் இருக்கும் கருவிக்கு ஏற்பப் பிழையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு அறிவு.

4

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் பாண்டிச்சேரி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தமிழ்ச் சோழிக் கணக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் இரண்டு முக்கியமான நேரடிச் சாட்சியங்கள் அங்கிருந்து வந்தவை.

முதலாவது லெ ஜாந்தி. பிரெஞ்சு வானியலாளர். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்தவர். 1761ல் வந்தபோது பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார். அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூனில் பாண்டிச்சேரியில் எல்லாம் தயாராக இருந்த நாளில் மேகம் மூடிக்கொண்டது. இந்த மனிதர் அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகமாகவும் சொன்னதாக எழுதிவைத்தார்.

இரண்டாவது ஜான் வாரன். லாம்ப்டனின் நில அளவையில் வேலை செய்தவர், கோலார் தங்கத்தைப் பற்றி அறிக்கை எழுதியவர், 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்தவர். 1825ல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ அவருடையது. பாண்டிச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், வாரனின் எழுத்தில் ‘ஸாமி நாடென் சாஷியா’, அந்த வருஷம் மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழி பரப்பிக் கணித்துக் காட்டினார். அட்டவணை ஏதும் கையில் இல்லை. எல்லாம் மனதில். பிற்பாடு ஒப்பிட்டதில் கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிழை.

இந்த இரண்டு சாட்சியத்தில் பெருமித வாசிப்பு எதை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. 41 விநாடி எல்லா மேடையிலும் இருக்கும். 52 நிமிஷம் எங்கேயும் இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே மரபு. ஒரே முறை. ஒன்றை மட்டும் எடுத்தால் அது வரலாறில்லை, விளம்பரம்.

வாரனின் வாசிப்பிலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இந்த மனிதருக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியாது, ஆனால் ஞாபகசக்தி பலமானது என்கிற தொனியில் அவரை அறிமுகப்படுத்துகிறார். பாராட்டு மாதிரித் தெரியும். உண்மையில் இங்கேதான் ஒரு பிரிவினை விழுகிறது: புரிதல் ஒரு பக்கம், ஞாபகம் இன்னொரு பக்கம். நாம் இன்றும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்று பேசுகிறோம். ‘மக்கப் செய்கிறான்’ என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அவர் மனதில் என்ன இருந்தது என்று பார்ப்போம். சந்திரன் வேகம் கூடிக் குறைந்து மறுபடி பழைய வேகத்துக்கு வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலே ஆகும். ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் நிற்கும் இடத்தை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்தால் போதும். அதற்கு மேல் பெரிய சுழற்சிகள்: 3031 நாள், 12372 நாள். இந்த எண்களையும் சொல்லாக மாற்றிவைத்திருந்தார்கள். கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம், சொல்லைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். ‘தேவர’ என்ற வடசொல்லில் தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. திருப்பிப் படித்தால் 248. ‘கலநில’ என்றால் 3031. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரில் இருக்கும் வாக்கியம் இந்த வாக்கியம்தான். திருநள்ளாற்றில் வாக்கியப்படி 2023 டிசம்பர் 20ல் நடந்த சனிப்பெயர்ச்சி, திருக்கணிதப்படி அந்த வருஷம் ஜனவரி 17லேயே முடிந்துவிட்டது என்று வீட்டில் சண்டை நடந்திருக்குமே, அந்தச் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது.

248 வாக்கியத்தைச் சும்மா ஒப்பித்தால் கிரகணம் வராது. எந்த நாளுக்கு எந்தச் சுழற்சியைக் கழிக்க வேண்டும், மிச்சத்துக்கு எந்த வாக்கியம், அதிலிருந்து எதைக் கூட்டி எதைக் கழிக்க வேண்டும் என்று ஒழுங்காக நகர வேண்டும். சோழியில் ஒரு நிலைமை உண்டு: அடுத்த படிக்குப் போகும்போது முந்தைய படி தரையில் இருக்காது. கலைத்துத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். லெ ஜாந்திக்கு இது உறுத்தியது. நம் முறையைவிட வேகமானது, ஆனால் திரும்பிப் போய்ச் சரிபார்க்க வழியில்லை என்கிற பொருளில் எழுதுகிறார். சோழி பழகியவனாக எனக்கு இது முழுக்க உண்மை என்று தெரியும். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு வேறு. திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் கணக்குப் போடுகிறவன் முழுக் கணக்கையும் முன்கூட்டியே மனதில் நிறுத்திக்கொண்டுதான் முதல் சோழியை வைக்க முடியும். மொத்த வழியும் தெரிந்தவனுக்குத்தான் அது சாத்தியம். அதற்கு ‘புரிதல்’ என்று பெயர் வைக்க வாரனுக்கு மனம் வரவில்லை.

பாபிலோனிய வானியலின் பெரும் அறிஞர் ஓட்டோ நாய்கெபாவர் 1952ல் வாரன் தந்த கணக்கைப் படிப்படியாகப் பிரித்து ‘ஒசிரிஸ்’ இதழில் எழுதினார். அந்த 248 நாளை அவர் வேறு இடத்தில் பார்த்திருந்தார்: களிமண் பலகைகளில். வடிவியல் உருவங்கள் இல்லாமல் வெறும் கூட்டல் கழித்தலால் வானத்தைக் கணிக்கும் பழைய மரபின் ஒரு கிளை பாண்டிச்சேரித் தரையில் உயிரோடு இருந்தது என்பதை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். மகத்தான வாசிப்பு. ஆனால் அவருடைய கண் பின்னோக்கியே இருக்கிறது. சாஷியா அவருக்கு ஒரு சாட்சிப் பொருள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒன்றின் மிச்சம். 1825ல் அந்த மனிதருக்கு யார் சோறு போட்டார்கள், யாருக்காகக் கணித்தார், யாரிடம் கற்றார் என்ற கேள்விகள் அந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

5

அந்தக் கேள்விகளைக் கேட்டவர் செந்தில் பாபு. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய ஆய்வாளர். 2022ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்த ‘மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி’ கணக்கதிகாரத்தையும் எண்சுவடியையும் திண்ணைப் பள்ளியையும் ஒன்றாக வைத்து வாசிக்கிறது. பழந்தமிழ்க் கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் எந்த யூட்யூப் வீடியோவுக்கும் முன்னால் படிக்க வேண்டிய புத்தகம். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு.

ஒன்று, திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் புரிதலுக்கு எதிரானது இல்லை. அதுவே ஒரு கற்றல் முறை. குரலாகச் சொல்லி, மணலில் எழுதி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்து, பிறகு கணக்கில் போட்டுப் பழகுவது. இதே மணலையும் சட்டாம்பிள்ளை முறையையும் சென்னையில் பார்த்த ஆண்ட்ரு பெல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1797ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்; அங்கே அதற்கு ‘மதராஸ் முறை’ என்று பெயரானது. பிறகு இங்கே வந்த காலனியக் கல்வி, திண்ணைப் பள்ளியைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளியது. நமக்கு மிஞ்சியது இரண்டின் மோசமான பாதி. மனப்பாடம் போகவில்லை. அதைத் தினமும் போட்டுப் பார்க்கும் வேலை போய்விட்டது.

இரண்டாவது, கணக்கு என்பது ஓலையில் எழுதிய கணக்கர் மட்டும் இல்லை. வெயிலில் கோல் பிடித்து வயலை அளந்தவர், பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த வெட்டியான். அவர் உடம்பால் அளந்ததைக் கணக்கர் பின்னமாக எழுதினார். பெயர் கணக்கருக்கு. கணக்கதிகாரத்தில் ஒரு பெண்ணை விளித்துச் சொல்லும் வெண்பாக்கள் உண்டு. அழகான மரபுதான். ஆனால் அந்தப் பெண்ணைக் கணக்கு வேலைக்கு எந்த ஊரும் வைத்திருக்காது. ‘நம் முன்னோரின் கணக்கறிவு’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும்போது அந்த ‘நம்’மில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பது மறைந்துபோகிறது.

புத்தகத்தில் எனக்கிருக்கும் போதாமையுணர்வு வேறு விதமானது. ஆய்வு மொழியில், அதுவும் ஆங்கிலத்தில், வாய்ப்பாட்டின் ஓசை கேட்பதில்லை. ‘முக்காலே நாலுமாவே காணி’ என்று ஏகாரம் ஏகாரமாக இறங்கும் அந்த நடைதான் கணக்கைத் தாங்குகிறது. ஒவ்வொரு ‘ஏ’யும் ஒரு கூட்டல் குறி. இலக்கணத்துக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. இதைச் சொல்வதற்கு வரலாற்றாசிரியர் போதாது, இலக்கிய வாசகர் வேண்டும். நம் இலக்கிய விமர்சனம் கணக்கதிகாரத்தை வெண்பா என்ற கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. சங்க இலக்கியம், பக்தி, காப்பியம் என்று போகிற நம் வரிசையில் நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று பேசும் வெண்பாக்களுக்கு இடம் கிடையாது. அதில் இருக்கும் நகைச்சுவைக்கும் கிடையாது.

நகைச்சுவை என்று சும்மா சொல்லவில்லை. 32 முழப் பனைமரத்தில் ஒரு ஓணான் ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறி நான்கு விரல் வழுக்கும். எத்தனை நாளில் உச்சிக்குப் போகும்? முழத்துக்கு இரண்டு சாண், சாணுக்குப் பன்னிரண்டு விரல். மொத்தம் 768 விரல், நாளுக்கு எட்டு விரல், 96 நாள். ‘கடைசி நாள் வழுக்க வேண்டாமே, விடை தப்பு’ என்று நம்மில் புத்திசாலி ஒருவர் கை தூக்குவார். போட்டுப் பாருங்கள். 95ம் நாள் முடிவில் 760 விரல். 96ம் நாள் ஏறினால் தாண்டிவிடும். 94ம் நாள் முடிவில் 752. மறுநாள் ஏறினாலும் 764தான், நான்கு விரல் குறைகிறது. எப்படிப் போட்டாலும் 96. முள் நிறைந்த பனையில் மூன்று மாதத்துக்கு மேல் ஏறி விழுந்துகொண்டிருக்கும் அந்த ஓணானைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன்கள் நினைத்துப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

6

இதையெல்லாம் இன்று ஏன் பழக வேண்டும் என்று கேட்டால், பயன் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போனில் கால்குலேட்டர் இருக்கிறது. சோழியால் வேகம் வராது, மூளை கூராகும் என்று எந்த வகுப்பு விளம்பரம் மாதிரியும் உறுதி தர மாட்டேன். நான் சொல்வது வாசிப்பைப் பற்றி மட்டும். ராகம் தெரியாமல் கீர்த்தனையைத் தாளில் படிக்கலாம், ஆனால் அதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. கணக்கதிகாரமும் அப்படித்தான். போட்டுப் பார்க்காமல் அதைப் புகழ்வதும் இகழ்வதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகம்.

மொழி இன்னும் முழுக்க மறக்கவில்லை என்பதுதான் ஆறுதல். கடலூர்ப் பக்கம் இன்றும் நிலம் விற்கிறவர் ‘ரெண்டு காணி’ என்கிறார். 2 ஏக்கர் 64 சென்ட் என்று பத்திரம் எழுதுகிறவர் மாற்றிக்கொள்கிறார். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் கடந்தால் பேச்சு மாவுக்கு மாறும். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். பாரதி பராசக்தியிடம் கேட்ட நிலம் எவ்வளவு என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். நூறு குழி, 1 ஏக்கர் 32 சென்ட் என்று உடனே சொல்கிறவர் குறைவு. கவிதையில் அது ‘கொஞ்சம் நிலம்’ என்று மட்டும் கேட்கிறது. அளவு தெரிந்தால் அந்த ஆசை எவ்வளவு கச்சிதமானது, ஒரு குடும்பம் எவ்வளவு நிலத்தில் மூச்சு விடும் என்று யோசித்துக் கேட்ட ஆசை என்று தெரியும்.

கணக்கதிகாரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. சோழி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை. தரையில் நான்கு கட்டம். முதல் வாரம் முந்திரியிலிருந்து ஒன்று வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், பரவாயில்லை. அடுத்த பலாப்பழ சீசனில் அந்த வெண்பா உங்கள் போனுக்கு வரும்போது, முள்ளை எண்ணுவதை விட்டுவிட்டு, எழுபத்தைந்தின் நாலுமா எவ்வளவு என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.